சைக்கிளை எல்லோருக்கும் பிடிக்கும், அது றோட்டில் இடம் கேட்கும்வரை

2025 பெப்ரவரியில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் நடந்தபோது, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபுறோவில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டினார்கள். இருபது வயது இருக்கும் பெடியன் ஒருவன், மூக்கெல்லாம் சிவந்துபோய், கையில் துண்டுப் பிரசுரத்தோடு நின்றான். "அங்கிள், இந்தத் தேர்தலில உங்களுக்கு முக்கியமான பிரச்சினை என்ன?" என்றான். வீட்டு விலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் "சைக்கிள்" என்றேன். கொஞ்சம் விழித்துவிட்டு, "எங்கட கட்சி சைக்கிளுக்கு எதிரில்லை, அங்கிள்" என்றான்.

நாலு நாள் கழித்து இன்னொரு கட்சியின் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் சைக்கிளுக்கு எதிரில்லையாம்.

யாருமே எதிரில்லை என்றால், அதற்கு முந்திய இலையுதிர் காலம் முழுக்க ஒன்ராறியோவில் சைக்கிள் பாதையை வைத்து ஏன் அப்படி ஒரு சண்டை நடந்தது? சைக்கிளையும் நடையையும் பற்றி ஒரு கட்சியின் நிலைப்பாடு என்ன என்பதை எங்கே தேடிப் பார்ப்பது? இதுவரை இதைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். கதை பெரும்பாலும் ரொறன்ரோவில்தான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஊர் அது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். அரசாங்க அறிக்கைகளில் 'அக்டிவ் ட்ரான்ஸ்போர்டேஷன்' என்று வரும். சொந்த வலுவில் போகும் பயணம் என்று சொல்லலாம். நடப்பது, சைக்கிள் ஓடுவது, சக்கர நாற்காலியில் போவது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு உந்துவண்டியில் போவது எல்லாம் இதற்குள் அடங்கும். சைக்கிளைப் பற்றித்தான் அதிகம் சத்தம் கேட்கும், ஆனால் இதில் பெரும்பங்கு நடைதான். பஸ்ஸில் போகிறவர்கூட இரண்டு முனையிலும் நடக்கத்தானே வேண்டும்.

இனி, நிலைப்பாடு என்றால் என்ன? "சைக்கிள் நல்லது, உடம்புக்கு ஆரோக்கியம், காற்றும் சுத்தம்" என்பது நிலைப்பாடு அல்ல, வாழ்த்துச் செய்தி. அதை எந்தக் கட்சியும் எழுதும். றோட்டில் இடத்தை யாருக்குக் கொடுப்பது, காசை எதில் போடுவது, இந்த முடிவுகளை எடுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்கிற மூன்றிலும் ஒரு கட்சி என்ன செய்கிறது என்பதுதான் அதன் நிலைப்பாடு. விஞ்ஞாபனத்தில் என்ன இருந்தாலும் சரி.

இடம்தான் மற்ற இரண்டையும்விடக் கடினமானது. ரொறன்ரோவின் புளோர் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நூறு வருடப் பழைய கடைகள், அவற்றை இடித்து வீதியை அகட்ட முடியாது. இருக்கிற அகலத்துக்குள் நடைபாதை, ஓரத்தில் நிற்கும் கார்கள், ஓடும் கார்கள் எல்லாம் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டாயிற்று. பிறகு வந்து சைக்கிள் ஒரு பங்கு கேட்டால், ஒன்றில் பார்க்கிங் போகவேண்டும், அல்லது ஒரு கார் லேன் போகவேண்டும். காணிப் பங்கு பிரிக்கிற வீட்டில் கடைசியாகப் பிறந்த பிள்ளை மாதிரி. அந்தப் பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் தன் பங்கிலிருந்து ஒரு பரப்பு கொடு என்றால் முகம் மாறிவிடும்.

இதனால்தான் 'இத்தனை கிலோமீற்றர் சைக்கிள் பாதை போட்டோம்' என்ற கணக்கை அப்படியே நம்பக்கூடாது. றோட்டில் ஒரு சைக்கிள் படமும் இரண்டு அம்புக்குறியும் வெள்ளைப் பெயின்ரில் வரைந்துவிட்டு அதையும் சைக்கிள் வழி என்று கணக்கில் சேர்ப்பதுண்டு. அங்கே கார் வேகம் குறையவில்லை, லேன் குறையவில்லை, யாருக்கும் எதுவும் போகவில்லை. கொங்கிறீற் கட்டையோ தூணோ நட்டுக் கார்களிலிருந்து பிரித்த பாதை வேறு சாதி. பத்து வயதுப் பிள்ளையை எதில் தனியே விடுவீர்கள் என்று யோசித்தால் வித்தியாசம் விளங்கும். பெயின்ர் போட எந்த அரசியல் தைரியமும் தேவையில்லை.

இனிச் சண்டைக் கதை. ரொறன்ரோ மாநகரசபையில் கட்சிகள் கிடையாது. ஒன்ராறியோவில் மாநகரத் தேர்தல்களில் யாரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. ஆனால் யார் எந்தப் பக்கத்து ஆள் என்பது ஊருக்கே தெரியும்.

2010இல், டேவிட் மில்லர் மேயராக இருந்த காலத்தில், ஜார்விஸ் வீதியில் சைக்கிள் பாதை போட்டார்கள். அந்த வீதிக்கு ஒரு விசேஷம் உண்டு: ஐந்து லேன்கள், நடு லேன் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் மறுதிசைக்கும் திறக்கும். எது எப்போது திறந்திருக்கிறது என்று தலைக்கு மேலே விளக்குகள் காட்டும். அந்த நடு லேனை எடுத்துவிட்டுத்தான் ஓரங்களில் சைக்கிளுக்கு இடம் கொடுத்தார்கள். அதே 2010 கடைசியில் ரொப் ஃபோர்ட் மேயரானார். 'காருக்கு எதிரான போர் முடிந்தது' என்பது அவருடைய முதல் அறிவிப்புகளில் ஒன்று. 2011 ஜூலையில் ஜார்விஸ் பாதையை எடுக்க மாநகரசபை வாக்களித்தது. 2012 கடைசியில் கோடுகளைச் சுரண்ட லொறி வந்தபோது சிலர் அதற்கு முன்னால் போய் றோட்டில் இருந்தார்கள். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கோடுகள் போயின, நடு லேனும் அதன் விளக்குகளும் திரும்பி வந்தன.

எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அதே 2011 ஜூலைக் கூட்டத்தில் இன்னும் இரண்டு வீதிகளின் சைக்கிள் பாதைகளையும் எடுக்க முடிவானது. ஸ்காபுறோவில் இருக்கும் பேர்ச்மவுண்ட் வீதி, ஃபார்மசி அவெனியூ. இரண்டிலும் தமிழர் ஏராளம். லொறிக்கு முன்னால் இங்கே யாரும் போய் இருக்கவில்லை. எனக்கே பிறகு வாசித்துத்தான் தெரியும். ஒரு பாதைக்காகச் சத்தம் போட ஆள் இருக்கிறதா இல்லையா என்பதும் கட்சிகளின் நிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது. டவுன்டவுனில் அந்தச் சத்தம் இருக்கிறது, ஸ்காபுறோவில் இல்லை.

இந்த இடத்தில் பலர் 'வலதுசாரி என்றால் காருக்கு, இடதுசாரி என்றால் சைக்கிளுக்கு' என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அது அவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. ரொப் ஃபோர்டுக்குப் பிறகு மேயராக வந்தவர் ஜோன் ரோரி. அவர் ஒன்ராறியோவின் முற்போக்குக் கொன்சர்வேற்றிவ் கட்சிக்கு, அதாவது மாகாணத்தின் இப்போதைய முதல்வரும் ரொப் ஃபோர்டின் அண்ணனுமான டக் ஃபோர்டின் அதே கட்சிக்கு, 2004 முதல் 2009 வரை தலைவராக இருந்தவர். புளோர் வீதியில் அவெனியூ றோட்டுக்கும் ஷோ வீதிக்கும் இடையில் 2.4 கிலோமீற்றர் சைக்கிள் பாதையை 2016இல் பரீட்சார்த்தமாகப் போட்டது அவர் காலத்தில்தான். ஒரு வருடம் சைக்கிள் எத்தனை போகிறது, கார் எவ்வளவு பிந்துகிறது, கடைகளில் வியாபாரம் எப்படி என்றெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, 2017 நவம்பரில் 36க்கு 6 என்ற வாக்கில் அதை நிரந்தரமாக்கினார்கள். ரோரியும் ஆதரித்துத்தான் வாக்களித்தார்.

பிரித்தானியாவில் இது இன்னும் வேடிக்கை. லண்டனில் தேம்ஸ் கரையோரமாகக் கார் லேனை எடுத்துப் பெரிய சைக்கிள் பாதை போட்டவர் பொறிஸ் ஜோன்சன், கொன்சர்வேற்றிவ் மேயர். பிரதமரானதும் 2020இல் இங்கிலாந்துக்கு ஒரு பெரிய சைக்கிள், நடைத் திட்டத்தை 200 கோடி பவுண்டோடு அறிவித்தார். மூன்றே வருடத்தில், அதே கட்சியின் இன்னொரு பிரதமர் ரிஷி சுனக் 'சாரதிகளுக்கான திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, வாகன ஓட்டிகளின் பக்கம் நான் நிற்கிறேன் என்றார். நடுவில் என்ன நடந்தது? 2023 ஜூலையில் லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியின் இடைத்தேர்தல். பழைய கார்களுக்கு மாநகரம் விதிக்கும் கட்டணத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்து, தோற்றுவிடும் என்று நினைத்திருந்த தொகுதியைக் கட்சி தக்கவைத்துக்கொண்டது. வென்ற வழியை அடுத்த தேர்தலுக்கும் எடுத்தார்கள். கட்சியின் கொள்கை எதுவும் மாறவில்லை, வாக்கு எங்கே கிடைக்கும் என்ற கணக்குத்தான் மாறியது.

ஆகவே இடது, வலது என்று பார்ப்பதைவிட, அந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் எங்கே குடியிருக்கிறார் என்று பாருங்கள். ஒன்ராறியோவில் டக் ஃபோர்டின் பலம் புறநகரங்களில் இருக்கிறது. எற்றோபிக்கோ, ஸ்காபுறோ, மிசிசாகா, பிரம்டன். புதிய சனநாயகக் கட்சியின் ரொறன்ரோ ஆசனங்களில் பல டவுன்டவுனில், சைக்கிள் பாதைகள் இருக்கும் அதே வீதிகளின் இரு கரையிலும் இருக்கின்றன. லிபரல்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை காட்டுகிறவர்கள்.

லிபரல்களுக்கு நியாயமாகச் சொல்வதென்றால், மாகாணத்தில் ஆட்சியில் இருந்தபோது கொஞ்சம் செய்திருக்கிறார்கள். 2013இல் இருபது வருடத்துக்கான சைக்கிள் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 2015இல், சைக்கிளைக் கடக்கும் கார் முடிந்தவரை ஒரு மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்று சட்டம் வந்தது. கார் லைசென்சுக்குப் படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 2017இல் நகரங்கள் சைக்கிள் பாதை போடுவதற்கு மாகாணம் பெரிய அளவில் காசு கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காசு, மாசு வெளியேற்றும் நிறுவனங்கள் அனுமதி வாங்கச் செலுத்தும் பணத்திலிருந்து வந்தது. 2018இல் டக் ஃபோர்ட் ஆட்சிக்கு வந்து அந்த மாசுக் கட்டண முறையையே நிறுத்தியபோது சைக்கிள் காசும் அதோடு நின்றது. ஒரு கட்சியின் சைக்கிள் நிலைப்பாடு சைக்கிள் என்ற சொல்லே வராத ஒரு முடிவிலும் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி அதிகாரம். கனடாவின் 1867 அரசியலமைப்பின்படி நகரங்கள் மாகாணங்களின் பிள்ளைகள். மாகாணம் நினைத்தால் நகரத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், சபையைச் சுருக்கலாம். 2018இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே ரொறன்ரோ மாநகரசபையை 47 தொகுதிகளிலிருந்து 25 ஆக ஃபோர்ட் சுருக்கினார். நீதிமன்றம் வரை போயும் அது நின்றது. ஒரு வீதியின் ஓரத்தில் என்ன இருக்கவேண்டும் என்று நகரம் தீர்மானிப்பது மாகாணம் தடுக்காதவரை மட்டும்தான்.

2024 ஒக்ரோபரில் மாகாணம் தடுத்தது. போக்குவரத்து அமைச்சர் பிரப்மீத் சர்க்காரியா 212ஆவது சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். கார் லேனை எடுத்துச் சைக்கிள் பாதை போடுவதென்றால் நகரங்கள் இனி மாகாணத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு படி போய், ரொறன்ரோவில் புளோர், யங், யூனிவேர்சிற்றி அவெனியூ ஆகிய மூன்றிலும் ஏற்கெனவே இருக்கும் பாதைகளின் பகுதிகளை மாகாணமே வந்து எடுக்கலாம். அவற்றை எடுப்பதற்கு 4 கோடி 80 லட்சம் டொலராவது செலவாகும் என்று மாநகர அதிகாரிகள் சொன்னார்கள். அவ்வளவு ஆகாது என்றது மாகாணம். சட்டமூலம் விவாதத்தில் இருக்கும்போது இன்னொரு பிரிவும் சேர்ந்தது: பாதை எடுத்த இடத்தில் யாராவது அடிபட்டால் மாகாணத்தின்மேல் வழக்குப் போட முடியாது. சட்டத்தை எழுதியவர்களுக்கே எங்கோ ஒரு பயம் இருந்திருக்கிறது. அதே சட்டமூலத்தில்தான் 413ஆம் இலக்கப் பெருந்தெருவைக் கெதியாகக் கட்டுவதற்கான ஏற்பாடும் இருந்தது. காசையும் இடத்தையும் அதிகாரத்தையும் பற்றி ஒரு கட்சி என்ன நினைக்கிறது என்பதை ஒரே சட்டமூலத்தில் வாசித்துவிடலாம்.

கொன்சர்வேற்றிவ் கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும், அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. சைக்கிள் பாதை வேண்டாம் என்று ஃபோர்ட் சொல்லவில்லை. பிரதான வீதிகளில் வேண்டாம், பக்கத்துத் தெருக்களில் போடுங்கள் என்கிறார். எங்கள் பக்கத்தில் 2023 ஜூலையில் ரயில் பெட்டி தடம் புரண்டதோடு ஸ்காபுறோவின் பழைய மேம்பால ரயிலை மூடிவிட்டார்கள். சனம் பஸ்ஸில் நெரிகிறது. இரண்டு வேலை செய்து, இரண்டு பிள்ளைகளை இரண்டு இடத்தில் இறக்கி, 401ஆம் இலக்கப் பெருந்தெருவில் ஊர்ந்து வீட்டுக்கு வருகிற ஒருவருக்கு, டவுன்டவுனில் சைக்கிள் பாதை என்றால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் உண்மையானது. அதற்கான மருந்து புளோர் வீதியின் கொங்கிறீற் கட்டையை உடைப்பதா என்பதுதான் கேள்வி. பக்கத்துத் தெரு என்ற யோசனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரொறன்ரோவில் பக்கத்துத் தெருக்கள் பெரும்பாலும் நீளத்துக்குப் போவதில்லை. பூங்காவிலோ, தண்டவாளத்திலோ, ஒருவழிப் பாதையிலோ போய் முட்டிக்கொள்ளும். பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலங்கள் பிரதான வீதிகளில்தான் இருக்கின்றன. கடை, வேலை, வங்கி எல்லாமும் அங்கேதான்.

அமைச்சர் அடிக்கடி சொன்ன ஓர் எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் 1.2 சதவீதம் பேர்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்காக எல்லோரும் நெரிசலில் நிற்பதா? கேட்டவுடன் சரி என்றுதான் படும். அந்த எண் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எடுத்தது. 2016இல் போட்ட புளோர் பாதை அப்போது இருக்கவில்லை. அது ரொறன்ரோ நகரத்துக்கான எண்ணும் அல்ல, மிசிசாகா, பிரம்டன், மார்க்கம், ஏஜக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்த பெரும்பாகத்துக்கானது. வேலைக்குப் போகிற பயணம் மட்டும்தான் அதில் வரும். கல்லூரிக்குப் போகிற மாணவரும், கடைக்குப் போகிற அம்மாவும், நம் சாப்பாட்டைக் கொண்டுவருகிற பெடியனின் நாள் முழுக்க ஓட்டமும் அதில் இல்லை. எண் பொய் இல்லை, ஆனால் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் பிழை. எந்தக் கட்சி எண் சொன்னாலும் எந்த வருடம், எந்த எல்லை, எந்தப் பயணம் என்று மூன்றையும் கேளுங்கள். பாதைக்கு ஆதரவானவர்கள் சொல்லும் எண்களையும் இப்படித்தான் கேட்கவேண்டும். கோடைக்காலச் சனிக்கிழமையில் எண்ணிவிட்டு வந்து சொல்வார்கள்.

புதிய சனநாயகக் கட்சி, லிபரல், பசுமைக் கட்சி மூன்றும் 212ஐ எதிர்த்தன. ஆனால் எதிர்த்த விதத்தைக் கவனியுங்கள். அப்போதைய லிபரல் தலைவர் பொனி குறொம்பி அதற்கு முன் மிசிசாகாவின் மேயராக இருந்தவர். இது நகரங்கள் எடுக்கவேண்டிய முடிவு, மாகாணம் ஏன் தலையிடுகிறது என்பது அவர் பக்கத்து வாதத்தின் மையம். அது அதிகாரத்தைப் பற்றிய நிலைப்பாடு. அந்த வாதத்தின்படி, நாளைக்கு ஒரு நகரம் தானே தன் சைக்கிள் பாதையைக் கிளப்பி எறிந்தாலும் அதுவும் சரிதான். இடத்தைப் பற்றி அவர்கள் வாய் திறக்காமலே எதிர்த்துவிடலாம். பசுமைக் கட்சிதான் இதில் அதிகம் சுற்றிவளைக்காமல் பேசும். ஆனால் மாகாண சபையில் அவர்களுக்கு இருப்பது இரண்டு ஆசனம். ஒரு கார் லேனை எடுத்துவிட்டு அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டுப் பார்க்கிற சோதனை அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

2024இல் மட்டும் ரொறன்ரோ வீதிகளில் ஆறு பேர் சைக்கிள் ஓடும்போது இறந்தார்கள். ஜூலையில் இறந்த ஒரு பெண், புளோர் வீதியின் சைக்கிள் பாதையில் கட்டட வேலைக்காரர் வைத்திருந்த பெரிய குப்பைத் தொட்டியைச் சுற்றிப்போகக் கார் லேனுக்குள் இறங்கினார். பின்னால் லொறி வந்தது. பாதை இருந்தது, அந்த ஒரு சில மீற்றரில் மட்டும் இல்லை.

சைக்கிள் ஓட்டுநர் அமைப்பு ஒன்றும், ஒரு மாணவியும், சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் ஒருவரும் சேர்ந்து 212க்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலை 30இல் நீதிபதி போல் ஷாபாஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். சைக்கிள் பாதை ஓர் அடிப்படை உரிமை என்று அவர் சொல்லவில்லை. பலர் அப்படித்தான் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். இருக்கிற ஒரு பாதுகாப்பைப் பிடுங்குவதால் ஆட்களின் உயிருக்கு ஆபத்து கூடுகிறது, அதே நேரம் நெரிசல் குறையும் என்பதற்கு அரசிடம் ஆதாரம் இல்லை, ஆகவே கனடிய உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவு, அதாவது உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமை, மீறப்படுகிறது என்பதுதான் தீர்ப்பு. பாதையை எடுத்தால் நெரிசல் குறையாமல் போகலாம் என்று அரசுக்கு அதன் சொந்த ஆலோசகர்களே சொல்லியிருந்தது வழக்கில் வெளியே வந்தது. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. அந்த இலையுதிர் காலத்திலேயே இன்னொரு சட்டம் கொண்டுவந்து, கார் லேனைக் குறைத்துப் புதிய சைக்கிள் பாதை போடுவதை நகரங்களுக்கு முற்றாகவே தடுத்துவிட்டது.

நடையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கட்சிகளும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நடப்பவரைப் பற்றிய நிலைப்பாட்டை வேகக் கமராவில் பார்க்கலாம். பள்ளிக்கூடங்களின் பக்கத்தில் நகரங்கள் வேகக் கமரா வைக்க 2017இல் லிபரல்கள் சட்டம் இயற்றினார்கள். அதை 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஃபோர்டின் அரசு. ஆறு வருடம் கழித்து, 2025 நவம்பரில், அதே அரசே அது காசு பிடுங்குகிற வேலை என்று தடைசெய்தது. தண்டப்பணக் கடிதம் வந்து திட்டியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் என் கால் பிரேக்கில்தான் இருந்தது.

மத்திய அரசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீதிகள் அதன் கையில் இல்லை, ஆகவே அதற்குச் செய்ய முடிந்தது காசு கொடுப்பதுதான். 2021இல் லிபரல் அரசு சைக்கிள், நடைக்கான முதல் தேசியத் திட்டத்தை வெளியிட்டு, ஐந்து வருடத்துக்கு 40 கோடி டொலர் ஒதுக்கியது. புதிய சனநாயகக் கட்சியின் கோர்ட் ஜோன்ஸ் அதற்கு முன்பே தேசியச் சைக்கிள் திட்டம் வேண்டும் என்று தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவர். காசு கொடுப்பது சுலபமான நிலைப்பாடு. நாடா வெட்டிப் படம் எடுக்கலாம், எந்த லேன் போகிறது என்ற சண்டையை நகரம் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் வாசித்தால் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பள்ளி மாணவருக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2000களின் தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு எல்லோருக்கும் விரிந்தது. திமுக வந்தாலும் அதிமுக வந்தாலும் நிற்கவில்லை. இரண்டு கட்சிக்கும் சைக்கிள் பிடித்திருக்கிறது. கொடுத்த சைக்கிள் ஓடுவதற்கு றோட்டில் இடம் கொடுப்பதுதான் அங்கேயும் பாக்கி.

எங்கள் ஊரில் ஒரு கட்சிக்குச் சின்னமே சைக்கிள், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ். அதற்கும் சைக்கிள் பாதைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு, சைக்கிள் ஓர் 'அக்டிவ்' விஷயமே இல்லை. எங்கள் அப்பாவின் லுமாலா சைக்கிளில் முன்பாரில் தங்கை, கரியரில் நான், ஹாண்டிலில் மரக்கறிப் பை. றோட்டு முழுக்கச் சைக்கிள்தான், மண்ணெண்ணெயில் ஓடும் ஒன்றிரண்டு கார்கள் புகை கக்கிக்கொண்டு ஒதுங்கிப் போகும். அதே அப்பா இன்று ஸ்காபுறோவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மூன்று கார்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி வருகிறார். எண்பது வயதில் பேர்ச்மவுண்ட் வீதியில் சைக்கிள் ஓடச் சொல்ல எனக்கும் மனம் வராது.

இனி, கதவைத் தட்டுகிறவரிடம் என்ன கேட்பது? "சைக்கிளை ஆதரிக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் பதில் வரும். ஒரு வீதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வீதியில் ஒரு லேனை எடுப்பீர்களா, பார்க்கிங்கை எடுப்பீர்களா, இரண்டும் இல்லையா? அதைத் தீர்மானிப்பது நீங்களா, நகரமா? உங்கள் கட்சி கடைசியாக ஆட்சியில் இருந்தபோது என்ன செய்தது?

அன்று பனியில் நின்ற பெடியனிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "பேர்ச்மவுண்டில 2011இல எடுத்த பாதையைத் திரும்பப் போடுவியளோ?"

"பேர்ச்மவுண்டில சைக்கிள் பாதை இருந்ததோ, அங்கிள்?" என்றான். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றதால் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். போகும்போது என் இலக்கத்தை எழுதிக்கொண்டான், வேட்பாளரிடம் கேட்டுவிட்டு அழைக்கிறானாம்.